பிள்ளையார் மேல் விழுந்த பழி

கொரோனாவுக்காக முதல் முதலில் ஊரடங்கு போட்ட அந்தப் பங்குனி மாதத்தில் நடந்தது இது. திருவையாற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பாசன வாய்க்கால் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். எனக்கு ஐந்து மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. வீட்டை ஒட்டினாற்போல் ஒரு மாவு மில். படிப்பு பத்தாவது வரைக்கும்தான். காலையில் குளித்து, திருநீறு பூசி, வாய்க்கால் கரைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் மில்லின் சுவிட்சைப் போடுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ஊரடங்கில் மதியம் வரை மில்லைத் திறக்கலாம் என்று விட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மிளகாய் அரைக்க வந்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் நெடியில் இரண்டு பேரும் தும்மி முடித்த பிறகு, அப்படி என்ன சார் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து கீழே வரை ஒரே சிவப்பு எழுத்து.

"ஷேர் மார்க்கெட்ண்ணே. மொத்தமா விழுந்து கிடக்கு. நல்ல நல்ல கம்பெனியெல்லாம் பாதி விலைக்குக் கிடைக்குது. கையில காசு வச்சிருக்கிறவன் இப்ப வாங்கணும்."

எனக்கு ஷேர் என்றால் சூதாட்டம் மாதிரி ஒன்று என்று மட்டும்தான் தெரியும். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு கம்பெனியைப் பல லட்சம் துண்டாகப் பிரித்து விற்கிறார்கள், நாம் ஒரு துண்டு வாங்கினால் அந்த அளவுக்கு அது நம்முடையது என்றார். அது எனக்குப் புரிந்தது. விலை ஏன் விழுகிறது என்பதும் புரிந்தது. அறுவடை நேரத்தில் எல்லாரும் ஒரே நாளில் நெல்லைக் கொண்டுவந்து கொட்டினால் வியாபாரி விலையைக் குறைக்கத்தானே செய்வான். புரியாதது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாரும் விக்கிறாங்கங்கிறீங்க. அப்ப அதை வாங்குறது யாரு சார்?"

அவர் சிரித்தார். "அவங்க வெளியில பேசறதில்லண்ணே. சத்தம் போடறதெல்லாம் விக்கிறவங்கதான்."

அந்தப் பதில் என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. அன்றிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். வீட்டில் இருக்கிற பிஸ்கட் பாக்கெட், பற்பசை, பெயிண்டு டப்பா எல்லாவற்றையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் படிப்பேன். எந்தக் கம்பெனி, எங்கே இருக்கிறது, நம் வீட்டுக்குள் எத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பேன். மில்லில் மாவு அரைபடுகிற சத்தத்திலேயே யோசனை ஓடும். இத்தனை நாள் இப்படி ஒரு உலகம் இருந்திருக்கிறதே, நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

"ஏங்க, சோப்பு உறைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நாளைக்குப் பரீட்சையா?" என்று என் மனைவி கேட்டாள்.

வாத்தியாரே அவர் போனில் ஷேர் வாங்குவதற்கு என் பேரில் ஒரு கணக்கும் ஆரம்பித்துக் கொடுத்தார். என் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது அந்தப் போன். சிமிட்டினேன். இனிப் பணத்தைப் போட வேண்டியதுதான் பாக்கி.

பணமும் இருந்தது. மாசியில் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணம், அதோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. எண்பதாயிரம். ஆனால் அது சும்மா கிடந்த பணம் இல்லை. எங்கள் வீட்டு அடுப்படி பழைய ஓட்டுக் கட்டடம். ஐப்பசி மழை வந்தால் நாலு இடத்தில் ஒழுகும். கீழே குண்டானை வைத்துவிட்டு நடுவில் நின்று சமைப்பாள் என் மனைவி. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடலாம் என்று அந்த வருடம்தான் பணம் கூடி வந்தது. கொத்தனாரிடம் பேசி வைத்த நேரத்தில் ஊரடங்கு வந்து, வேலை நின்றுபோனது.

நான் அவளிடம் சொன்னேன். ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அதற்குள் ஏறிவிட்டால் தளத்தோடு சேர்த்து டைல்சும் போட்டுவிடலாம் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் விழுமா?"

"விழலாம்னுதான் சார் சொல்றாரு."

"எப்ப ஏறுமாம்?"

"அது யாருக்கும் தெரியாதாம்."

"யாருக்கும் தெரியாததுல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கழுநீரை வாளியில் ஊற்றினாள். "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்ங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பைபாஸ் ஓரம் ஒரு மனை வந்தது. பள்ளமான இடம், மழைக்குத் தண்ணீர் நிற்கும், வேண்டாம் என்று அவள் சொன்னாள். விட்டுவிட்டேன். பிறகு அங்கே கல்யாண மண்டபம் வந்து, விலை எங்கேயோ போய்விட்டது. அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், யார் மனை பேச்சை எடுத்தாலும், "எங்க வீட்டுல ஒரு மந்திரி இருக்காங்க. அவங்க வேண்டாம்னாங்க, விட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பேன். பந்தியில் எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். நான் அதை வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மனசு ஒரு நேரம் போடு என்கிறது, ஒரு நேரம் போடாதே என்கிறது. அவள்தான் சொன்னாள், "பூக்கட்டிப் பாத்துடலாமே."

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போவதென்றாலும், ஆபரேஷன் செய்வதென்றாலும் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ வைத்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. எது வருகிறதோ அதுதான் உத்தரவு. மற்றதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகும். அப்படியே கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. வெள்ளை வந்தால் வாங்குவது, சிவப்பு வந்தால் விடுவது என்று வைத்துக்கொண்டேன். கொல்லையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. அவள் காலண்டரில் கிழித்துப்போட்ட தாள்களில் இரண்டை எடுத்து, உள்ளே போய் மடித்து, நூலால் கட்டிக் கொண்டுவந்தாள். ஊரில் அம்மன் கோயிலைப் பூட்டியிருந்தார்கள். வாய்க்கால் கரைப் பிள்ளையாருக்குக் கதவே கிடையாது, அவரை யாரும் பூட்ட முடியவில்லை. விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, பொட்டலங்களை அவர் பாதத்தில் போட்டேன். வழக்கமாக விவரம் தெரியாத குழந்தை யாரையாவது எடுக்கச் சொல்வோம். அன்றைக்குத் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை.

"நீங்களே எடுங்க" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பிரித்தால் செவ்வரளி.

என் முகம் தொங்கிப்போயிருக்கும். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். அடுத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் வாய்க்காலில் இறங்கப் போனேன். அங்கே ஏது தண்ணீர்? மேட்டூர் அணையை மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"குடுங்க, குளத்துல போட்டுட்டு வர்றேன்" என்று அவள் கையை நீட்டினாள்.

"குளம் நிக்கிற தண்ணி. ஓடுற தண்ணியிலதான் விடணும். புதுத்தண்ணி வரட்டும்" என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். 

அதற்கப்புறம் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். சித்திரையில் மார்க்கெட் மெல்ல ஏற ஆரம்பித்தது. வைகாசியில் வாத்தியார் போனைக் காட்டினால் பச்சை எழுத்தாக இருந்தது. நான் குறித்து வைத்திருந்த கம்பெனியெல்லாம் என் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "பிள்ளையார் வேண்டாம்னாரு, விட்டுட்டேன்" என்பேன். காலையில் கும்பிடும்போதும், "ஏம்ப்பா, உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. அவள் குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலையில் பார்த்தேன். அவள் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தாள். மூட்டு வலிக்காரி அவள். அரிவாள்மணையில் உட்கார்ந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடிப்பாள். கொரோனா பயத்தில் வேண்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்தது. முன்னால் நுரையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு வருகிற அந்தத் தண்ணீரைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. பூவும் நெல்லும் தூவினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, அலமாரியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

படியில் இறங்கி, தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு நின்றேன். கை விடமாட்டேன் என்கிறது. நமக்கு வராமல் போன அந்த வெள்ளைப் பூவை ஒரு தரம் பார்த்தால் என்ன என்று ஒரு ஆசை. தப்புதான். ஆனாலும் நூலை அவிழ்த்துவிட்டேன்.

உள்ளே செவ்வரளி. காய்ந்து கறுத்திருந்தாலும் அரளி தெரியாமல் போகுமா? நந்தியாவட்டையின் ஒரு இதழ்கூட அதில் இல்லை.

முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் கோபம் வந்தது. சாமி காரியத்தில் இப்படிச் செய்யலாமா என்று படபடவென்று வீட்டுக்கு வந்து, அடுப்படியில் இருந்தவள் முன்னால் அந்தத் தாளை விரித்து வைத்தேன். அவள் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"அது மூணு மாசமா அலமாரியிலயே இருந்தது. நீ நினைச்சிருந்தா எடுத்துத் தூரப் போட்டிருக்கலாமே" என்றேன். எனக்கே தெரியவில்லை, ஏன் அதை முதலில் கேட்டேன் என்று.

"ஒரு தப்பு செஞ்சாச்சு. அதை மறைக்க இன்னொண்ணு செய்யணுமா?"

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போறது. அதுக்குப் பிள்ளையாரை ஏன் இழுத்தே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

"நான் சொன்னா நீங்க பன்னண்டு வருஷம் சொல்லிக்காட்டுவீங்க. இந்த மூணு மாசத்துல பிள்ளையாரை எத்தனை தடவை சொல்லிக்காட்டியிருக்கீங்கன்னு நினைச்சுப் பாருங்க. அவ்வளவும் எனக்கு வந்திருக்க வேண்டியது. அவரு கல்லு, தாங்கிக்குவாரு."

 அந்த மந்திரிக் கதையை நான் சொல்லாத உறவுக்காரர் வீடு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பந்தியிலும் அவள் சிரித்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவு சாமி பக்தி உள்ளவள், சாமியிடமே பொய் செய்கிற அளவுக்கு என்னிடம் பயந்திருக்கிறாள். நான் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை என்று பெருமையாக இருந்தவன்.

சாயங்காலம் இரண்டு பேருமாகப் பிள்ளையாரிடம் போனோம். அந்த அரளியை ஓடுகிற தண்ணீரில் விட்டேன். பிறகு காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். அவளும் போடப் போனாள், நீ நில், உன் கணக்கு முடிந்துவிட்டது என்றேன். அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

ஒன்று மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடியிருந்தால் அந்தப் பொட்டலம் அப்போதே போயிருக்கும், எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. பூவில் பிள்ளையார் பதில் சொல்லவில்லைதான். ஆனால் அந்தப் பொட்டலத்தை மூன்று மாதம் என் வீட்டிலேயே வைத்திருக்கச் செய்தது யார்?

ஆவணியில் அடுப்படிக்குத் தளம் போட்டோம். மறு வருடம், மில் வருமானத்தில் மிச்சம் பிடித்து, இழந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மட்டும் ஷேர் வாங்கினோம். பூக்கட்டிப் பார்க்கவில்லை. வாத்தியாரை உட்கார வைத்து அவளும் கேள்வி கேட்டாள். நான் கேட்டதைவிட நல்ல கேள்விகள். நான் சொன்ன ஒரு கம்பெனியை முகத்துக்கு நேராகவே வேண்டாம் என்றாள். அவள் சொன்ன ஒன்றை வாங்கினோம்.

அவள் சொன்னது இன்றைக்கும் வாங்கிய விலைக்குக் கீழேதான் கிடக்கிறது. போனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழைய மந்திரிப் பேச்சு என் நாக்கு நுனி வரைக்கும் வரும். அப்போது காய்ந்த அந்தச் செவ்வரளியை நினைத்துக்கொண்டு, பேசாமல் போனை வைத்துவிட்டு மில்லுக்குப் போய்விடுகிறேன்.