வாளைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு படி

பூமயில் மதினி அடுப்பு மூட்டாமலே நெல்லைச் சோறாக்கிவிடுவாள். ஆர்.எஸ்.மங்கலத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரித்துண்டை எடுத்துச் சுவரில் ‘நெல்’ என்று எழுதுவாள். ‘நெ’யை எடுத்துவிட்டு ‘நூ’ போட்டால் ‘நூல்’ ஆயிற்றா? ‘ல்’லை எடுத்துவிட்டு ‘று’ போட்டால் ‘நூறு’. ‘நூ’வுக்குப் பதில் ‘சோ’ போட்டால் சோறு தயார். ஒரு தடவைக்கு ஓர் எழுத்தைத்தான் மாற்றலாம், நடுவில் வருவதெல்லாம் பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பத்திரிகைக்காரர்கள் இதற்குச் சொல் ஏணி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல், நடுவில் வெறும் படிகள். படிகளை நிரப்பிக்கொண்டே இறங்க வேண்டியது நம் பாடு.

“இதுனால யாருக்கு மதினி வயிறு நெறையும்?” என்று நான் கேட்டிருக்கிறேன். நான் அப்படித்தான், மனசில் பட்டதைக் கேட்டுவிடுவேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். “இப்பத்தான் பஞ்சு உனக்குச் சோறு ஆக்கிப் போட்டேன், அதுக்குள்ள பசிக்குதா?” என்பாள்.

என் அண்ணன் சின்னச்சாமியின் மனைவி அவள். திருவாடானைப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்பு வரை படித்து, பதினெட்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நடவு, களையெடுப்பு, மாடு கன்று எல்லாம் பார்ப்பாள். வேலைக்கு நடுவே வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். சாமி கும்பிடுகிறாள் என்று புதுசில் நினைத்தோம். கிட்டப் போய்க் கேட்டால், “மீன், மான், மாலை, வலை” என்று மீனை வலைக்குள் இறக்கிக்கொண்டிருப்பாள்.

அண்ணன் பஸ் கண்டக்டர். தொண்டியில் புறப்பட்டு எங்கள் ஊர் வழியாக ராமநாதபுரம் போய்த் திரும்புகிற வண்டி. காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கழுத்தில் விசில் என்று பார்க்க ஜோராக இருப்பார். பயணிகள் சீட்டில் விட்டுப்போகும் வாரப் பத்திரிகைகளை மதினிக்காகப் பொறுக்கிக்கொண்டு வருவார். அவர் அதில் ஒரு வரி படித்ததில்லை. ‘விடை அடுத்த வாரம்’ என்று அடியில் போட்டிருக்கும். அடுத்த வார இதழை யாரும் பஸ்ஸில் மறந்து வைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே மதினி கண்டுபிடித்ததுதான் விடை. ஒருமுறை முன்பாதி கிழிந்த அகராதி ஒன்று சீட்டுக்கு அடியில் கிடைத்தது. அது ‘ப’வில்தான் தொடங்கும். அதைக் கதைப் புத்தகம் மாதிரி வாசித்தாள். அதன் பிறகு ‘ப’வுக்கு அப்பால் உள்ள சொற்களில் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை.

இத்தனை கெட்டிக்காரிக்கு நாக்கில் ஓர் எழுத்து வராது. அது ‘ழ’. அவளுக்கு மட்டுமா? எனக்கு வராது, அண்ணனுக்கு வராது, எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு வராது. பழத்தைப் பளம் என்போம், மழையை மளை என்போம். எழுதச் சொன்னால் சரியாக எழுதிவிடுவோம், வாய்தான் ஒத்துழைக்காது. அந்த ஓர் எழுத்தால் என் கல்யாணமே சந்தி சிரித்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம். மாப்பிள்ளை வீரபத்திரன் இரண்டு தெரு தள்ளித்தான். பெண் வீட்டு வாசலில் வாழைமரம் கட்ட வேண்டும். அந்த வருஷம் கண்மாய் வறண்டு, ஊரில் நல்ல வாழையே இல்லை. அண்ணன் லீவு எழுதிக்கொடுப்பதற்காகத் தொண்டி ஆபீசுக்குப் போயிருந்தார், மறுநாள் முதல் வண்டியில் வருவதாக ஏற்பாடு. தொண்டிக்குத் திரும்பிப் போகிற வண்டியை மதினி கை காட்டி நிறுத்தினாள். டிரைவர் ஹமீது சுல்தான் தொண்டிக்காரர், அண்ணனுடைய சிநேகிதர்.

“அண்ணே, கல்யாணத்துக்கு ரெண்டு வாளை வேணும்னு அவுககிட்டச் சொல்லுங்க. நல்லா நீளமா இருக்கணும். வாடாமக் கொண்டாரணும்.”

“வாளைதான தங்கச்சி? தொண்டியில இல்லாத வாளையா! காலையில வந்து சேந்துரும்” என்றார் அவர்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் போய்ச் சொன்னார். தொண்டியில் வாளை என்றால் வாளை மீன். வாடாமல் என்றால், கருவாடாக இல்லாமல் பச்சை மீனாக. அண்ணனும், கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தாளிகளுக்குக் குழம்பு வைக்கத்தான் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

காலையில் அவர் ஓலையில் சுற்றிய நீளமான கட்டோடு வந்து இறங்கினார். பந்தலில் ஊரே கூடியிருந்தது. “வந்துருச்சு வாளை, எடுத்து வாசல்ல கட்டுங்கப்பா” என்று எங்கள் அய்யா குரல் கொடுத்தார். கட்டை அவிழ்த்தார்கள். உள்ளே பளபளவென்று, இடுப்புயரத்துக்கு இரண்டு வாளை மீன்.

“ஏலே சின்னச்சாமி, என்னலே இது?” என்றார் அய்யா.

“பொண்ணு வீட்டுல மீனைத்தான் தோரணம் கட்டுவாக போல” என்று மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், பந்தல் இரண்டுபட்டது. மணவறைக்குப் போகக் காத்திருந்த எனக்கு, மூக்குத்தி போட்ட மூக்கில் மீன் வாடை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு மீனையும் எடுத்து அண்ணனையும் மதினியையும் விளாசியிருப்பேன். எங்கிருந்தோ இரண்டு சோனி வாழைக்கன்றுகளைப் பிடுங்கிவந்து நட்டு, தாலி கட்டி முடித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். கேலி தாங்காமல் அண்ணன் எல்லோர் முன்னாலும் மதினி மேல் பாய்ந்தார். “பேப்பர்ல எழுத்தை மாத்தி மாத்தி வெளையாண்டு, வாயிலயும் மாத்திட்டா! எங்க, இப்பச் சொல்லு பாப்போம், மரத்துக்குப் பேரு என்ன?”

மதினியின் முகம் சுண்டிப்போனது. எழுத்துத்தான் அவள் பெருமை, அதிலேயே குத்திவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்து, “மொதல்ல நீங்க சொல்லுங்க” என்றாள்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “வாளை!” என்றார்.

பந்தல் முன்னைவிட இரண்டு மடங்கு சிரித்தது. இந்தத் தடவை அண்ணனைப் பார்த்து. அன்று சாயங்கால வண்டியில் துணிமணியோடு ஏறியவர்தான், தொண்டியில் பஸ் ஷெட்டிலேயே தங்கிவிட்டார்.

வண்டி தினமும் எங்கள் தெரு முனை வழியாகத்தான் போகும், வரும். அண்ணன் இறங்கவில்லை. மதினி வண்டி வருகிற நேரமாகப் பார்த்து நெல்லை ரோட்டில் காயப் போடுவாள். ஹமீது சுல்தான் வண்டியை மெதுவாக ஓட்டுவார். அண்ணன் எதிர்ப் பக்கத்து ஜன்னல் வழியாக ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போவார். நாற்பது வயதுக்காரர் செய்கிற காரியமா இது? “நான் போயிக் கூட்டிக்கிட்டு வாரேன்” என்று அய்யா துண்டை உதறினார். “வேணாம் மாமா, அவுகளா வரட்டும்” என்று மதினி மறித்துவிட்டாள். என் கல்யாணத்தால் ஒரு குடும்பம் பிரிந்தது என்று ஊர் பேசுமே என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஹமீது சுல்தான் வண்டியை நிறுத்தி, மதினியிடம் ஒரு வாரப் பத்திரிகையை நீட்டினார். “சீட்டுல கெடந்துச்சாம். நான் குடுத்ததாக் குடுக்கச் சொன்னாரு” என்றவர் குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, ஒண்ணாந் தேதியிலேருந்து மண்டபம் ரூட்டுக்கு மாத்திக் கேட்டு எழுதிக் குடுத்துட்டாரு. பொறவு இந்தப் பக்கம் வண்டியிலகூட வர மாட்டாரு” என்றார்.

மதினி அன்று சாப்பிடவில்லை என்று நான் சொன்னால் அது பொய். நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு அந்தப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து, பென்சிலால் ஓர் ஏணி போட்டாள். மேலே ‘வாளை’. கீழே ‘வீடு’. நடுவில் வெறும் கோடு. அடியில், ‘ஒரே ஒரு படிதான்’ என்று எழுதினாள். மறுநாள் அது டிரைவர் கை வழியாக அண்ணனுக்குப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததை ஹமீது சுல்தான் சொல்லிக் கேட்க வேண்டும். அண்ணன் காகிதத்தைப் பார்ப்பார், பைக்குள் வைப்பார், மறுபடி எடுப்பார். டிக்கெட் கிழிக்க மறந்துபோவார். விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. மீன் கூடையோடு ஏறிய தொண்டிப் பெண்கள், “வாளை, பாளை, பாடு, வீடு! வலையில மீன்பாடு நல்லா இருந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான கண்டக்டரே” என்றார்கள். மாடு வாங்கச் சந்தைக்குப் போன சம்சாரி ஒருவர், “வாளை, காளை, காடு, வீடு” என்றார். கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “வாளை, நாளை, நாடு, வீடு” என்று மேடையில் பேசுவது போலச் சொன்னாராம். எல்லாம் சரிதான், ஆனால் எல்லாவற்றிலும் இரண்டு படி. மதினி கேட்டது ஒன்று. “அவ ஒண்ணுன்னா ஒண்ணுதான். எழுத்து விசயத்துல அவளுக்குத் தப்பு வராது” என்று அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. பந்தலில் சொல்லியிருக்க வேண்டியதைப் பஸ்ஸில் சொன்னார், பாருங்கள்.

மாதக் கடைசி நாள் வந்தது. நான் மதினிக்குத் துணையாகப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கும்பாவில் பழைய சோறும் வெங்காயமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வண்டி வருகிற சத்தம் கேட்டது. தெரு முனையைத் தாண்டிப் போக வேண்டிய வண்டி, திரும்பி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். கையில் சாத்துக்குடிப் பையோடு அண்ணன் குதித்து இறங்கி ஓடிவந்தார்.

“ஏ பூமயிலு, இம்புட்டு வாடிப் போயிட்டியா நீ?”

மதினி வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. வண்டியே கொல்லென்று சிரித்தது. அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. தோல் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அதன் பின்பக்கம் கோணல்மாணலாக ஒரு சொல் இருந்தது. ‘வாடு’.

வாளை, வாடு, வீடு. ஒரே படி.

“காலையில கடற்கரையில வாளையக் காயப் போட்டுருந்தாக தங்கச்சி” என்று டிரைவர் சீட்டிலிருந்து ஹமீது சுல்தான் கத்தினார். “ஒரு அம்மா, ‘வாளை நல்லா வாடிருச்சா’ன்னு கேட்டுச்சு. கண்டக்டர் அங்கனயே ஒக்காந்துட்டாரு. ‘வாடாமக் கொண்டாரச் சொன்னாளே, அவளை நானே வாட விட்டுட்டனே’ன்னு ஒரே அழுகை.”

மதினி டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. கண் நிறைந்து வழிந்தது. “ஆமா, வாடித்தான் போனேன்” என்றாள்.

அண்ணன் தோல் பையைக் கழற்றி ஹமீது சுல்தானிடம் கொடுத்தார். கடைசி நடை, கூட்டமும் இல்லை. தரையில் நின்றபடியே விசிலை எடுத்து ஊதினார். வண்டி கண்டக்டர் இல்லாமல் தொண்டிக்குப் போயிற்று. மண்டபம் ரூட்டுக்கு வேறு யாரோ போனார்கள்.

பத்து நாள் கழித்து, இரண்டு பேரும் உளுந்து உடைத்துக்கொண்டிருக்கும்போது நான் மதினியிடம் சொன்னேன். “சும்மா சொல்லக்கூடாது மதினி, ‘வாடு’ன்னு அழகாத்தான் வச்சீக.”

அவள் சிரித்தாள். உள்ளே போய் அந்த முன்பாதி இல்லாத அகராதியை எடுத்துவந்து, கடைசிப் பக்கங்களில் ஒரு வரியில் விரலை வைத்தாள். ‘வீளை: சீழ்க்கை’ என்று இருந்தது.

“சீள்க்கைன்னா விசில் பஞ்சு. வாளை, வீளை, வீடு. விசில ஊதி வண்டிய நிப்பாட்டிட்டு வீட்டுக்கு வந்து சேருங்கன்னு கிண்டலாத்தான் வச்சேன். ‘வாடு’ எனக்குத் தோணவே இல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனுக்கு இது இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார் என்ற பயமும் இல்லை, பத்திரிகையை அவர் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

“அப்ப அத்தன பேருக்கு முன்னால அழுதுக்கிட்டு ஆமான்னு சொன்னீகளே, அது பொய்யா?”

மதினி அகராதியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் வச்சது கிண்டல் பஞ்சு. அவுக எழுதுனதுதான் நெசம். அந்தச் சீட்டப் பாத்த பொறவுதான், ஒரு மாசமா எனக்கு என்ன செய்யுதுன்னு எனக்கே தெரிஞ்சுச்சு.”