எட்டக்கா

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் அவளுக்கு எட்டக்கா என்று பெயர். அறுவை முடிந்து வருகிறவர்களின் கைகால்களை மடக்கி நீட்ட வைப்பது அவள் வேலை. "ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணிக்கை ஒழுங்காகத்தான் போகும். ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு வலியில் மூழ்கியதும் இன்னோர் எட்டு வரும். அப்புறம் மறுபடி ஓர் எட்டு. பத்து முடித்ததாக நினைப்பவர் பன்னிரண்டு முடித்திருப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கைக்கு வந்த முட்டி எதுவும் மறுபடி கத்திக்குப் போனதில்லை. கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுவாள்.

அந்தப் பெருமைக்குச் சோதனையாக வந்தார் ஒரு கப்பல் சமையல்காரர். படியில் சறுக்கி முட்டியை உடைத்துக்கொண்டவர். பிரெஞ்சு தவிர வேறு பாஷை தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் முட்டி தொண்ணூறு டிகிரி மடங்காவிட்டால் மறுபடி திறப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். தினம் நூறு தடவை மடக்க வேண்டும். அவரோ தனக்குத்தானே எண்ணிக்கொண்டு, பத்தானதும் படுத்துவிடுவார்.

"ஏமாத்தறதுக்கும் ஒரு பொது பாஷை வேண்டியிருக்கேடி" என்றாள் நர்ஸிடம்.

"கத்துக்கங்களேன் அக்கா. போன்லயே இருக்கு."

கற்றுக்கொண்டாள். வீட்டு மாடிப்படியில் ஒவ்வொன்றாக ஏறி எண்ணினாள். தையல் மெஷினிலிருந்து கணவர் தலையைத் தூக்கினார்.

"உனக்கெதுக்கு நூறு வரைக்கும்? எட்டு தெரிஞ்சாப் போதாதா?"

"உங்களுக்கு மட்டும் 'நாளைக்கு' ஒண்ணே போதுமே. துணி குடுத்தவங்களைக் கேட்டாத் தெரியும்."

அறுபத்தொன்பதோடு படிப்பை நிறுத்தினாள். முறை பிடிபட்டுவிட்டது, மேலே தானாக வரும் என்பது அவள் எண்ணம்.

திங்கட்கிழமை அவள் பிரெஞ்சில் எண்ண ஆரம்பித்ததும், சமையல்காரர் தன் கணக்கை விட்டு அவள் எண்ணுக்கு மடக்கினார். அறுபத்தொன்பதில் அவள் வாய் நின்றது. எழுபதைச் சமையல்காரரே எடுத்துக் கொடுத்தார்: "சுவாசான்த் தீஸ்." அறுபது, பத்து. எட்டக்காவின் புருவம் ஏறியது.

"பாத்தியா, அறுபதுக்குத் திரும்பிப் போறாரு! என் வேலையை எங்கிட்டயே காட்டறாரு."

"திரும்பிப் போனா அவருக்குத்தானேக்கா வலி?"

"அதான் சந்தேகமே. எந்தப் பேஷன்ட் தானா அதிகம் செய்வான்?"

நர்ஸ் போனைப் பார்த்தாள். "எழுபதுக்குப் பேரே அதுதானாம். எண்பது, நாலு இருபது. தொண்ணூறு, நாலு இருபது பத்து."

"எழுபதுக்குத் தனியா ஒரு பேர் வைக்கத் துப்பில்லையா?"

"நம்ம தொண்ணூறு மட்டும் யோக்கியமா? நூறு வர்றதுக்குள்ளயே நூறுன்னு சொல்லிக்குது."

எண் எந்த மொழியிலும் ஒன்றுதான் என்பது தத்துவம் படித்தவர்களின் முடிவு. அவர்கள் எழுபதுக்கு மேல் யாருடைய முட்டியையும் மடக்கியதில்லை. மறுநாள் முதல் எட்டக்காவின் மூளை முழுவதும் கூட்டல் கணக்கில் மாட்டிக்கொண்டது. கூடுதல் எட்டைப் போடவே மறந்து போனாள். எழுபத்தாறில் தடுமாறுவாள். சமையல்காரர் கப்பல் சரக்கறையில் மூட்டை எண்ணிப் பழகியவர். குழம்பிய கணக்கைப் பாதியில் தொடர மாட்டார். தலையில் அடித்துக்கொண்டு அறுபதிலிருந்து மறுபடி தொடங்குவார், முட்டியையும் சேர்த்துத்தான். வியாழக்கிழமை நூற்றுநாற்பது தடவை மடக்கியிருந்தார். அவள் நேர்மையாக எண்ணிய வாரத்தில்தான் ஒரு நோயாளி இவ்வளவு அதிகமாகச் செய்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் முட்டியில் கோணமானியை வைத்துப் பார்த்தார். "தொண்ணூத்திநாலு. நீங்களே சொல்லிடுங்கக்கா, உங்க ஆளுதானே."

சமையல்காரர் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்தார். எட்டக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"காத்ர வேன்" என்றாள். எண்பது. மிச்சப் பதினான்கு நாக்கில் வரவில்லை. விரல் விட்டுத் தேடினாள்.

எண்பதைக் கேட்ட மனிதரின் முகம் வெளுத்தது. மெல்லச் சரிந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிவிட்டார்.

"அக்கா, சீக்கிரம்! ஆளு போயிடுவாரு!"

"இருடி, பதிமூணுதான் வருது."

"பதிமூணாவது சொல்லித் தொலைங்களேன்! அதுவும் பாஸ்தான்!"

"தப்பா எண்ணச் சொல்றியா என்னை?" என்று சீறினாள் எட்டக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசி நான்கு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள்.