இடது திரை

நான் மெடிக்கல் கோடர். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அவரைப் பார்த்த டாக்டர் எழுதிவைத்த குறிப்பை ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து நான் படிப்பேன். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் உண்டு. அதைக் கண்டுபிடித்துப் படிவத்தில் போடுவதுதான் வேலை. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு எண் இருந்தால் போதும்.

வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொன்ன பிறகு, கொஞ்ச காலம் ஒரே மானிட்டரில் தடுமாறினேன். குறிப்பைப் படித்துவிட்டுப் படிவத்துக்குப் போவதற்குள் பாதி மறந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. அப்புறம் இரண்டாவது மானிட்டர் வாங்கினேன். இடது திரையில் டாக்டரின் குறிப்பு, வலது திரையில் படிவம். கண்ணை மட்டும் நகர்த்தினால் போதும். வேலை முடிந்ததும் அதே இரண்டு திரைகளில் விளையாடுவேன். நாற்பத்தோரு வயதுப் பொம்பளை சாயங்காலமானால் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறாள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு மட்டும் தெரியும். "என்னமோ லாரி உறுமுற சத்தம் கேக்குதேன்னு வந்தேன்" என்று ஒருநாள் மாடியேறி வந்தவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் நான். அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். தனியார் பஸ் டிரைவர். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஜீயபுரம் போய்த் திரும்பும் வண்டி. ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் பகல் முழுக்கத் தூங்குவார், எழுந்ததும் எதற்காவது எரிச்சல்படுவார். இருபது வருஷமாக அதே தடம். பஸ்ஸைத் தவிர வேறு எதிலும் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. என் விளையாட்டில் லாரி மட்டுமல்ல, பஸ்ஸும் ஓட்டலாம் என்று அண்ணிதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே வந்தார். "எங்க, அந்தப் பொம்மை வண்டியக் காட்டு" என்றார்.

நம் ஊர் மாதிரி இடது பக்கமாக வண்டி ஓட்டும் நாடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பஸ்ஸின் முன்கண்ணாடி இரண்டு திரைகளிலும் விரிந்து தெரியும்படி வைத்தேன். இரண்டு மானிட்டரும் சேரும் இடத்தில், சாலைக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு விழும். "நடு ரோட்டுல தூண நட்டு வெச்சிருக்கான்" என்றார். சரி, ஓட்டிப் பாருங்க என்று கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன்.

பத்து நிமிஷத்துக்குள் நாலு தடவை மோதினார். முதலில் ஒரு தபால் பெட்டி, அடுத்து நிறுத்தி வைத்திருந்த கார், பிறகு ஒரு வேலி. நாலாவது, நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த ஆட்கள். எல்லாமே இடது பக்கம். வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எதிரே வந்த வண்டிகளுக்கு அழகாக ஒதுங்கினார், வளைவில் வேகத்தைக் குறைத்தார். இருபது வருஷப் பழக்கம் அதில் தெரிந்தது. ஆனால் இடது பக்கம் போய்ப் போய் இடித்தார்.

"உன் மெஷின்ல கோளாறு. இந்தப் பக்கம் எதுவுமே வரல" என்றார்.

நான் வாங்கி ஓட்டினேன். எல்லாம் வந்தது. ஒருவேளை அந்த மானிட்டர் மங்கலாக இருக்கிறதோ என்று வயரைக் கழற்றி, இரண்டு மானிட்டரையும் இடம் மாற்றி வைத்தேன். மறுபடி ஓட்டினார். மறுபடியும் இடது பக்கத்தில் ஒரு சைக்கிள்காரனைத் தட்டினார்.

அப்போதும் எனக்கு உடனே தோன்றவில்லை. மானிட்டரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் குடிப்பதற்காகக் கையை நீட்டியபோது, இடது கை ஓரமாக இருந்த சொம்பு சாய்ந்து மேசையெல்லாம் தண்ணீர். துணி எடுத்துத் துடைக்கும்போதுதான் மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஜீயபுரத்தில் வாழைத்தார் ஏற்றி நின்ற லாரியில் உரசி, பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. லாரிக்காரன்மேல்தான் தப்பு என்று எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் அவர் இடது தோள் இரண்டு மூன்று முறை இடித்திருக்கிறது. அண்ணி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

விளையாட்டை மூடினேன். இரண்டு திரைகளும் வெறுமையாக இருந்தன.

"அண்ணே, நடுவுல இருக்கிற கறுப்புக் கோட்டப் பாருங்க. கண்ண எடுக்கக் கூடாது. அம்புக்குறி தெரிஞ்சதும் சொல்லுங்க."

"இது என்ன புது விளையாட்டு?"

"சும்மா சொல்லுங்க."

மவுஸைப் பிடித்து, வலது ஓரத்திலிருந்து அம்புக்குறியை மெதுவாக உள்ளே கொண்டுவந்தேன். "இந்தா" என்றார் உடனே. பிறகு இடது ஓரத்திலிருந்து கொண்டுவந்தேன். திரையின் கால்வாசி வந்தது, பாதி வந்தது. அவர் சும்மா இருந்தார். "ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். முக்கால்வாசி தாண்டிக் கறுப்புக் கோட்டைக் கடந்து வலது திரைக்குள் அம்புக்குறி நுழைந்த பிறகு, "இப்ப வந்திருச்சு" என்றார்.

வலது கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லிச் செய்தேன். இடது கண்ணைப் பொத்தச் சொல்லிச் செய்தேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

ஒரு கண்ணில் மட்டும் குறை என்றால் கண்ணில் கோளாறு. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போயிருந்தால் கோளாறு மூளையில். இதற்கு ஹெமியனோப்பியா என்று பெயர். வாரத்துக்கு ஒன்றிரண்டு குறிப்பிலாவது அந்தச் சொல்லைப் பார்ப்பேன், எண் போடுவேன், அடுத்த பைலுக்குப் போவேன். அது எப்படி இருக்கும் என்று அதுவரை யோசித்ததில்லை.

"அண்ணே, உங்களுக்கு இடது பக்கம் தெரியல" என்றேன்.

"எனக்கா?"

"ஆமா. நாளைக்கு வண்டி எடுக்காதீங்க. முதல்ல டாக்டரப் பாப்போம்."

அவர் கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். "இந்தப் பொம்மைல ஓட்டத் தெரியலேங்கிறதுக்காக என்னை வண்டி எடுக்க வேணாங்கிறியா? அந்த ரோட்டுல எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"அப்படித்தான் இப்ப ஓட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்து போய்விட்டார். போகும்போது இடது தோள் கதவில் பட்டது. பட்டதைக் காட்டிக்கொள்ளாமல் இறங்கினார்.

அண்ணியிடம் சொன்னேன். அண்ணி பேசிப் பார்த்தார். கீழே குரல் உயர்ந்தது, தணிந்தது. கடைசியில் அண்ணி வந்து, "காலைல கிளம்பத்தான் போறாராம். நான் என்னம்மா பண்ணட்டும்" என்றார். பஸ் முதலாளியின் நம்பர் என்னிடம் இல்லை. அண்ணியிடம் இருந்தது. அதைக் கேட்கலாமா என்று வெகு நேரம் யோசித்தேன். கேட்டால் அண்ணன் அதற்கப்புறம் என் முகத்திலேயே விழிக்கமாட்டார் என்று தோன்றியது. அது சரியான காரணமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. மறுநாள் வண்டியில் ஏறப்போகிறவர்களை நினைத்தால் அது காரணமே இல்லை.

காலை ஆறு மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இருந்தேன். பூக்கடைகள் திறந்தாகிவிட்டது. ஜீயபுரம் வண்டி தன் இடத்தில் என்ஜின் ஓடியபடி நின்றது. உள்ளே பாதிக்குமேல் ஆட்கள், கூடையும் பையுமாக. அண்ணன் சீட்டில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி. நான் வண்டிக்கு முன்னால் ஆறேழு அடி தள்ளி, அவருக்கு இடது பக்கமாக வரும்படி நின்றேன். மறைந்து நிற்கவில்லை. முன்கண்ணாடி வழியே அவர் முகம் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோபத்தில் பார்க்காமல் இருப்பது வேறு. அப்போது முகத்தில் ஏதாவது ஒன்று இருக்கும். அண்ணன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு கண்டக்டர் முன்படியில் ஏறினார். என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தங்கச்சி வந்திருக்காங்க போலயே" என்றார்.

"எங்க?"

"இந்தா, முன்னாடிதான் நிக்கிறாங்க."

அண்ணன் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை நேராக்கினார். மறுபடியும் மெதுவாக என் பக்கம் திருப்பினார். மறுபடி நேராக்கினார். மூன்று தடவை இப்படிச் செய்தார். நான் அசையாமல் நின்றேன். கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வீட்டுல ஏதாவதா?" என்று கேட்டார்.

என்ஜின் நின்றது.

அண்ணன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். டைம் கீப்பரிடம் போய், "தலை சுத்துதுங்க, வேற ஆளப் போடுங்க" என்றார். சாவியைக் கொடுத்தார். உள்ளே ஒருவர் நேரமாச்சு என்று சத்தம் போட்டார். அரைமணி கழித்து வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்துப் போனார். அதுவரை நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்ற எனக்குப் பட்டன் சத்தம் கேட்டது. வரும், நிற்கும், வெகு நேரம் வராது. கடைசியில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். இரண்டு வட்டங்கள், இரண்டிலும் இடது பாதி கறுப்பு. அப்புறம் ஸ்கேன். மூளையின் பின்பக்கத்தில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருக்கிறது, இரண்டு மாதமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். சித்திரை வெயிலில் ஒருநாள் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை படுத்திருந்தார் என்று அண்ணி நினைவுபடுத்திச் சொன்னார்.

"இத்தனை நாளும் பஸ் ஓட்டினீங்களா?" என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினார்.

அண்ணன் என்னோடு பேசாமல் இருந்தது ஒன்றரை மாதம். சண்டை என்று சொல்ல முடியாது. நான் கீழே போனால் எழுந்து கொல்லைப்பக்கம் போவார். "உம்மேல கோபமில்ல. உன் மூஞ்சியப் பாக்க முடியலங்கிறாரு" என்றார் அண்ணி. நான் வேலையைப் பார்த்தேன். அந்த நாட்களில் ஒரு பைல் வந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆண், லாரி டிரைவர், ஹெமியனோப்பியா. இடது திரையில் டாக்டர் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தேன். அவர் வீட்டில் யார் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருக்கவில்லை. எண்ணைப் போட்டேன்.

ஒரு சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த வண்டியப் போடு. தலையத் திருப்பிப் பழகச் சொல்லியிருக்காங்கல்ல."

எல்லாவற்றையும் வலது திரைக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது அது அங்கங்கேயே இருக்கட்டும் என்றார். கொஞ்ச தூரம் ஓட்டுவார், வெடுக்கென்று இடது பக்கம் தலையைத் திருப்புவார், திரும்ப நேரே வருவார். முதல் நாள் இரண்டு தடவை மோதினார். அடுத்தடுத்த வாரங்களில் அது குறைந்தது. நிறுத்தத்தில் ஆட்கள் நின்றால் ஒழுங்காக நிறுத்திக் கதவைத் திறந்தார். ஏறுவதற்கு ஆளில்லாத நிறுத்தங்களிலும் நிறுத்தினார்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு நான் எறங்காம வண்டிய எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வண்டிய மறிச்சு நின்னிருப்பேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கந்தான்."

அவர் சிரிக்கவில்லை. "அது சரி" என்றார். அடுத்த நிறுத்தத்துக்கு இண்டிகேட்டர் போட்டார்.

பஸ் முதலாளி அவரைக் கைவிடவில்லை. சத்திரத்திலேயே டைம் கீப்பர் வேலை கொடுத்தார். வண்டி வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் நோட்டில் குறித்து, விசில் ஊத வேண்டும். முதல் வாரம் இரண்டு வண்டிகள் வந்ததைக் கவனிக்காமல் விட்டு டிரைவர்களிடம் பேச்சு வாங்கினாராம். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இப்போது வண்டிகள் எல்லாம் அவருக்கு வலது பக்கத்திலிருந்து உள்ளே வருகின்றன.