டைரனோசரஸின் காலடியில் ஒரு மரத்துண்டு

டைனோசர் பொம்மை ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது மணிக்கட்டை. இரண்டு காலில் நடந்த வேட்டை விலங்குகளுக்கு உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும், கை தட்டப் போவதுபோல. பிஸ்கட்டுக்குக் கெஞ்சும் நாய் மாதிரி அவை தரையைப் பார்த்திருந்தால் அங்கேயே ஒரு மதிப்பெண் போய்விடும். வால் தரையில் இழுபட்டால் இன்னொன்று. பிறகு வார்த்த அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு தெரிகிறதா, பல்லின் வெள்ளை ஈறில் வழிந்திருக்கிறதா, துணையில்லாமல் தன் காலில் நிற்கிறதா என்று பார்ப்பேன். விளையாடுவதற்கு வாங்கும் பொம்மைக்கு இத்தனை கெடுபிடி தேவையில்லை. விழுந்தால் உடையக் கூடாது, வாயில் வைத்தால் சாயம் வரக் கூடாது, அவ்வளவுதான். அலமாரியில் நிற்கப் போவது வேறு சங்கதி. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, பத்துக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் காட்டுவதற்கென்று நாலைந்து பொம்மைகள் வாங்கினேன். ஓய்வுக்குப் பிறகு அவை பெருகி, சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரியை நிறைத்துவிட்டன. “ரிடயர் ஆனவங்க கோயில் குளம்னு போறாங்க. நீங்க பல்லி வளக்கிறீங்க” என்பாள் என் மனைவி. அலமாரியைத் துடைப்பதும் அவள்தான். எதை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

என் மாமனார் அரியாங்குப்பத்தில் தனியாக இருந்தார். எண்பதைத் தாண்டியவர். இங்கே ஒரு மில்லில், அது மூடும்வரை, தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டராக இருந்தவர். மாதத்துக்கு ஒருமுறை டவுன் பஸ்ஸில் மகளைப் பார்க்க வருவார். வந்தால் முன்னறை நாற்காலியில்தான் உட்காருவார்.

ஒரு வருஷம் கத்திரி வெயிலில் என் டைரனோசரஸ் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ரப்பர் மாதிரியான அந்தப் பிளாஸ்டிக்குக்கு எங்கள் ஊர் வெயில் ஆகாது. மொத்த எடையும் கணுக்காலில் இறங்கி, கால் வளைந்துவிடும். வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் போட்டால் நேராகும், ஒரு வாரம் நிற்கும், மறுபடி சாயும். நான் மூன்றாவது முறை வெந்நீர் வைத்தபோது மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை வரும்போது சட்டைப் பையிலிருந்து விரல்நுனி அளவுக்கு ஒரு மரத்துண்டை எடுத்தார். எண்ணெய் ஏறிக் கறுத்த, வழவழப்பான மரம். ஆப்பாகச் சீவியிருந்தார். குனிந்து டைரனோசரஸின் பாதங்களின் முன்பக்கத்துக்கு அடியில் செருகினார்.

“கைய எடுங்க மாப்ள. நிக்கும்.”

எடுத்தேன். நின்றது.

“மாமனாரு மாப்ளைக்கு ஆப்பு வெச்சாருன்னு ஊர்ல சொல்லப் போறாங்க. பல்லிக்குத்தான் வெச்சேன், நீங்கதான் சாட்சி” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு நோட்டை எடுத்து, ‘தானாக நிற்கவில்லை, ஆப்பு வெளியே தெரிகிறது’ என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு அவர் எங்கள் வீட்டில் இருந்தார். காலையில் பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசலில் என் ஸ்கூட்டருக்குச் சந்தனம், குங்குமம். உள்ளே கிரைண்டருக்கு, தையல் மெஷினுக்கு, அரிவாள்மணைக்கு. முன்னறைக்கு வந்தால் அலமாரி திறந்திருந்தது. நாற்பது டைனோசர்களின் நெற்றியிலும் பொட்டு. ட்ரைசெராடாப்ஸுக்கு மூன்று கொம்பிலும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, மகள் வைத்து முடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பாதான் சொன்னாரு” என்றாள் அவள் சந்தோஷமாக. “பாடம் நடத்துன சாமானாச்சே, தொழில் சாமானுக்கு வைக்காம விடலாமான்னு.”

பத்து வருஷமாகப் பல்லி என்றவள் அன்றுதான் முதல்முறையாக அவற்றை என் தொழிலாக ஏற்றுக்கொண்டிருந்தாள். அது எனக்கு உறைக்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது கறை மட்டும்தான்.

“தறிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா? சாயம் போயிடும்னு தெரியாதா?” என்று கத்தினேன். பிறகு அதைச் சொன்னேன். “மில்லு மூடிப் போனாலும் மில்காரப் புத்தி மூடாது.”

கோபத்தில் வாய் தவறியது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பது தெரிந்தேதான் சொன்னேன். படித்தவன் என்ற நினைப்பு எனக்குள் எப்போதும் இருந்தது. அன்று வெளியே வந்தது, அவ்வளவுதான்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “சரிதான் மாப்ள. தப்பு என்னோடது” என்றார். மகளிடம், “பஸ்ஸுக்குக் கிளம்புறேம்மா” என்றார். பண்டிகை நாளில் மகள் வீட்டில் கை நனைக்காமல் போனார்.

நான் தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து டைரனோசரஸின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குங்குமம் போகவில்லை, சாயம்தான் போனது. வெள்ளையாக ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம் விழுந்தது. மற்றவற்றைத் தொடப் பயந்து ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். வந்துவிட்டது. அதையே முதலில் செய்திருக்கலாம்.

பாலம் தாண்டினால் அரியாங்குப்பம். ஸ்கூட்டரில் கால் மணி நேரம். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தீபாவளிக்குப் போகலாம் என்றிருந்தேன், அன்று மழை. பொங்கலுக்கு என்று தள்ளினேன். பொங்கல் முடிந்த நாலாம் நாள் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வீட்டை ஒழித்தபோது சாமிப் படங்களுக்குக் கீழே ஒரு பலகை இருந்தது. அதில் பழைய ஸ்பானர் ஒன்று, காய்ந்த சந்தனமும் குங்குமமுமாக. பக்கத்தில் ஒரு நாடா. தறியில் நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற, படகு போன்ற மரக்கட்டை. அதன் ஒரு முனை அறுக்கப்பட்டிருந்தது. நான் அதை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் ஏறிக் கறுத்த, வழவழப்பான மரம்.

“மில்லு மூடுன அன்னைக்கு எடுத்துக்கிட்டு வந்தது இது ஒண்ணுதான்” என்றாள் என் மனைவி. “அதுலேருந்துதான் உங்களுக்கு வெட்டிக் குடுத்தாரு. தெரியாதா உங்களுக்கு?”

எடுத்த இடத்திலேயே நாடாவை வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, குறைத்த மதிப்பெண்ணை அடித்தேன். அடித்து என்ன? அந்த வரி இன்னும் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

அதன் பிறகு அவள் முன்னறை அலமாரியைத் தொடவில்லை. சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவில்லை, வேளைக்குச் சோறு போட்டாள். வீடு பெருக்கும்போது அந்த அலமாரிக்கு முன் ஒரு முழம் விட்டுவிடுவாள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தட்டோடு ஸ்கூட்டர், கிரைண்டர், தையல் மெஷின் என்று வருவாள். முன்னறை வாசலில் திரும்பிவிடுவாள். நான் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படி ஏழு வருஷம் போயிற்று. இரண்டு சொல் கேட்க எனக்கு அத்தனை நாள் ஆனது.

இந்த ஆண்டு அவள் வாசலில் திரும்பும்போது எழுந்து நின்றேன். அலமாரியைத் திறந்தேன்.

“இதுங்களுக்கும் வையேன்.”

“சாயம் போயிடும்” என்றாள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“போனது நான் தேய்ச்சதால. உங்கப்பா கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. தெரிஞ்சே சொன்னேன்.”

அவள் தட்டை என் கையில் கொடுக்காமல் நாற்காலிமேல் வைத்தாள். அவர் உட்காரும் நாற்காலி. பிறகு அலமாரிக்குள் கைவிட்டு, டைரனோசரஸின் காலடியிலிருந்து ஆப்பை உருவினாள். அது உடனே முன்னால் சாய்ந்தது. நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். வெள்ளை விழுந்த நெற்றி என் உள்ளங்கையில் அழுந்தி நின்றது.

அந்த விரல்நுனி மரத்துண்டை முந்தானையில் துடைத்தாள். சந்தனம் தொட்டு வைத்தாள். அதன்மேல் குங்குமம். பொம்மைகள் எதற்கும் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பொட்டு அழியாமல் பார்த்துப் பார்த்து, அதை மறுபடி செருகினாள். நான் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

“கைய எடுங்க” என்றாள். “நிக்கும்.”