தாழ்ப்பாள் வைக்காத கதவு

பிச்சாட்டூர் பக்கம் வெள்ளத்தில் போன வீடுகளைத் திரும்பக் கட்ட, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் என்னோடு வேலை செய்தவர்கள் சிலரும் நானும் போயிருந்தோம். நாங்கள் கட்டியது ஒரு அக்காவின் வீடு. மாட்டை அவிழ்த்துவிடப் பின்கதவு வழியாகப் போன அவருடைய புருஷனை ஆறு கொண்டுபோய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

புதுப் பின்கதவுக்கு நான் தாழ்ப்பாள் வைக்கப் போனபோது அந்த அக்கா தடுத்தார்.

"அது வாணாம் தம்பி. அவரு இப்படித்தான் வெளிய போனாரு. வந்தா தட்டிக்கினு நிக்கணுமா?"

தாழ்ப்பாளைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்கா குடிவந்த அன்று சாயங்காலம், காற்றே இல்லாதபோது அந்தக் கதவு மெல்லத் திறந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். நானும் பார்த்தேன். வெளியே யாரும் இல்லை. அவர் இன்னொரு பிடி அரிசியை அள்ளிப் பாத்திரத்தில் போட்டார்.