பெட்டிக்குள் ஒரு பொட்டு வெளிச்சம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் யார்டில் அந்தப் பெயர் யார் வாயிலும் வராது. காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் வெளிச்சக்காரி.

கப்பலில் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பும் கன்டெய்னர்கள் வந்து இளைப்பாறும் இடம் அந்த யார்டு. சிவப்பும் நீலமும் பச்சையுமாக, ஒன்றன் தலைமேல் ஒன்று ஏறி நிற்கும் இரும்புப் பெட்டிகள். அடுத்த சரக்கு ஏறுமுன் ஒவ்வொன்றையும் கூட்டிக் கழுவ வேண்டும். கழுவிக் காய்ந்த பிறகு வெளிச்சக்காரி தனியாக உள்ளே போவாள். வெளியே நிற்பவள் இரண்டு கதவுகளையும் சாத்திக் கம்பியைத் திருப்பி இறுக்கிவிடுவாள்.

உள்ளே இருட்டென்றால் அப்படியொரு இருட்டு. தன் கை தனக்குத் தெரியாது. அந்த இருட்டில் நின்று அவள் மேலும் கீழும் கண்ணை ஓட்டுவாள். எங்காவது ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. வெளிச்சம் நுழைகிற வழியில் கடல் தண்ணீரும் நுழையும். சரக்கு நாசமாகும். அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, கதவை மூன்று தட்டுத் தட்டுவாள். வெளியே நிற்பவள் திறந்துவிடுவாள்.

அந்த வெளியே நிற்பவள்தான் கதவுக்காரி. வெளிச்சக்காரிக்கு மூத்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"ஏண்டி, உள்ள போய்ப் படுத்துத் தூங்கிட்டியா? உன் மூணு தட்டுக்காக நான் வெயில்ல வத்தலாக் காயணுமா?"

"நீ உள்ள வந்து பாருக்கா. குளிரு தாங்கல, கம்பளி தேடிக்கிட்டு இருக்கேன்."

"அப்படியா? ஒருநாள் உன்னை உள்ள வச்சே கப்பல்ல ஏத்தி விட்டுடறேன் இரு. போற எடத்துல உன் புருஷன் சட்டையப் புடிச்சு இழுத்துட்டு வந்து சேரு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் முகம் சுண்டிப் போயிருக்கும். கதவுக்காரி சொன்னால் சிரிப்பாள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரனாகப் போனவன். மகன் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகத்தில் இறங்கினான், மறுபடி கப்பல் ஏறவில்லை. அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் என்று கூட வேலை பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அன்றைக்கு அழுததோடு சரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு யார்டில் வேலைக்குச் சேர்ந்தவள், அந்தப் பிள்ளையை ஒற்றை ஆளாக ஆளாக்கினாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை வந்துவிட்டது. யார்டுக்குப் பக்கத்துக் குடோனில் பொதி ஏற்றுகிற வேலை. நல்ல உழைப்பாளி. ஆனால் மனசுக்குள் ஒரு முள் தைத்தே இருந்தது.

"ஒரே ஒரு தடவை அந்தாளை நேருக்கு நேர் பாத்து நாலு கேள்வி கேக்கணும்மா."

"செத்துட்டான்னு நெனச்சுக்கோயேன்டா."

"செத்தவனுக்கு அங்க ரெண்டு புள்ளைங்க இருக்காம்."

விசாவுக்கு எழுதிப் போட்டான். இல்லை என்றார்கள். மறுபடியும் போட்டான். மறுபடியும் இல்லை. அதன் பிறகு வீட்டில் அவன் பேச்சே குறைந்துபோனது. ஒற்றை அறை வீடு அது. ஒரே ஜன்னல். அதன் அடியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடப்பான். பெற்ற மகனிடம் ஒரு வார்த்தை வாங்க அவள் தவம் கிடக்க வேண்டியிருந்தது.

அப்படி ஒருநாள் சாயங்காலம், தட்டில் சோற்றை வைத்துவிட்டு, அவன் கேட்கிறானா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் அவள் புலம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நீலப் பெட்டி ஒன்றில் பெரிய ஓட்டை பார்த்திருந்தாள். கடைசிச் சுவரில், தரையை ஒட்டி, பொதி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரும்புக் கை குத்திக் கிழித்த ஓட்டை. அவளுடைய கை முழுசாக நுழைந்தது. உள்ளேயும் வெளியேயும் வட்டம் போட்டு மேனேஜரைக் கூட்டி வந்து காட்டினாள். பழைய பிளாஸ்டிக் பொதிதான் போகிறது, நனைந்தால் என்ன அழுகவா போகிறது, விட்டுத்தள்ளு என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"இத்தனை வருஷத்துல என் கையத் தாண்டி ஒரு பெட்டி ஓட்டையோட போனதில்ல. மனசே ஆறலடா."

சுவரைப் பார்த்துக் கிடந்தவன் திரும்பினான். "எந்தப் பெட்டிம்மா?"

"உங்க குடோனுக்குத்தான் வருது. நீலம். நான் போட்ட வட்டம் இருக்கும் பாரு."

"அப்போ அதை அடைக்கவே மாட்டாங்களா?"

"மேனேஜரே வேணாம்னுட்டார். அப்புறம் எவன் அடைக்கப் போறான்?"

அவன் எழுந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். கடலில் எவ்வளவு நாள் ஆகும், பெட்டியை எங்கே திறப்பார்கள் என்று அவன் கேட்கக் கேட்க, மகன் தன்னிடம் பேசுகிறானே என்ற பூரிப்பில் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். பாவி மகள், ஒன்று விடாமல் சொன்னாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அவன் பையைத் தோளில் மாட்டினான். வெளியூர்க் குடோன் ஒன்றில் வேலை, திரும்பி வர நாளாகும் என்றான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஊட்டி விடும்மா."

"எருமை மாதிரி வளந்துட்டு ஊட்டி விடணுமா உனக்கு?"

"ஊட்டேன்."

ஊட்டினாள். நாலு வாய் வாங்கிக்கொண்டவன் அவள் கையைப் பிடித்து, சோப்புத் தண்ணீரிலும் மருந்திலும் வெடித்துப்போன அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான்.

"இந்தக் கைக்கு நான் ஓய்வு குடுக்கறேனா இல்லையா பாரு."

அவன் தெருமுனை திரும்பும் வரை அவள் வாசலிலேயே நின்றாள். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை. உலகத்தில் எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். கடுகடு மேனேஜர்கூட.

மத்தியானத்துக்கு மேல் அந்த நீலப் பெட்டி பொதி ஏற்றிச் சீல் வைத்து யார்டுக்குத் திரும்பி வந்தது. துறைமுகத்துக்குள் போக முறை வரும் வரை அங்கே இறக்கி வைப்பது வழக்கம். வேறொரு நாளாக இருந்தால் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பாள், அவ்வளவுதான். அன்று மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசு சும்மா இருக்குமா? தன் கையைத் தாண்டிப் போகிற ஒரே ஓட்டைப் பெட்டி அதுவாக ஏன் இருக்க வேண்டும்?

வெல்டரிடம் போய் நின்றாள். "அண்ணே, ஒரு துண்டுத் தகடு குடு. கொஞ்சம் பசை குடு."

"மேனேஜர் வேணாம்னாரே. உனக்கு என்ன, பெட்டிக்குப் பொண்ணு பாத்துக் கட்டி வைக்கப் போறியா?"

"குடுண்ணே. புண்ணியமாப் போகும்."

இரண்டு பசைகளைச் சேர்த்துப் பிசைந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும் சங்கதி அது. பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்து ஓட்டையின் விளிம்பைச் சுற்றி விரலை விட்டு வழித்துப் பூசினாள். உள்ளே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் உறைதான் கண்ணில் பட்டது. வாயில் தன்னால் ஒரு பாட்டு வந்தது.

கதவுக்காரி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்னடி இன்னிக்கு ஒரே மெதப்புல இருக்க?"

"என் புள்ள இன்னிக்கு என்னை ஊட்டி விடச் சொன்னான்க்கா."

"அடேங்கப்பா! பொண்டாட்டி வர்ற வரைக்கும் ஊட்டிக்கோ. அப்புறம் உன் கை கசக்கும்."

இருவரும் சிரித்தார்கள். தகட்டை வைத்து அழுத்தினாள். ஓரமெல்லாம் பசை பிதுங்கி வர, வழித்து மெழுகினாள். நீலச் சாயமும் பூசி, பழக்கதோஷத்தில் பெட்டியின் மேல் மூன்று தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள். மறுநாள் விடிந்ததும் பெட்டி துறைமுகத்துக்குப் போய்விட்டது.

அதற்கும் மறுநாள் உச்சி வெயிலில் அவளைத் தேடி நெட்டையன் வந்தான். மகனுடைய சிநேகிதன், லாரியில் கிளீனர். அவள் குழாயைப் பிடித்து ஒரு பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ அவன்கூட வெளியூர் போகலியாடா?"

"அம்மா... அவன் வெளியூர் போகல."

அவன் அப்பன் இருக்கிற தேசத்துக்குப் போகிற அந்த நீலப் பெட்டிக்குள், பொதிகளுக்குப் பின்னால், ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு மகனும் நெட்டையனும்தான் அடுக்கியிருந்தார்கள். தண்ணீர், பிஸ்கட், ஒரு கத்தி, போன். கதவைச் சாத்தியது நெட்டையன்தான். ஓட்டை வழியே காற்று வரும். ஓட்டைக்கு நேராகப் பிடித்தால் போனும் வேலை செய்தது.

"யார்டுல இருக்கும்போது கூப்பிட்டாம்மா. கிசுகிசுன்னு பேசினான். 'டேய், அம்மா வந்து ஓட்டைய அடைக்குதுடா. அது வெரல் தெரியுது. பாட்டு வேற பாடுது. சத்தம் போடவா'ன்னு கேட்டான். நான்தாம்மா... நான்தான், வேணாம்டா, இப்ப மாட்டினா உன் அம்மாதான் உன்னை ஏத்தி விட்டாங்கன்னு சொல்லி வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க, பசைதானே, அப்புறம் கத்தியால பேத்துக்கன்னு சொன்னேன். அதோட லைன் கட்டாயிடுச்சு. முந்தாநேத்துல இருந்து கூப்பிடறேம்மா. போகவே மாட்டேங்குது."

குழாய் கீழே விழுந்து பாம்பாக நெளிந்து தண்ணீரைக் கக்கியது. அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் அந்தப் பசை ஒட்டியிருந்தது. அது கத்திக்குப் பெயராது என்பது அந்த யார்டில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

அவள் ஓடிய ஓட்டத்தை யார்டு அதுவரை பார்த்ததில்லை. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என்ன உளர்ற? பெட்டி கப்பல்ல ஏறியிருக்கும். இப்ப நிறுத்துன்னா நிறுத்துவாங்களா? போலீஸ் கேஸ் ஆகும், தெரியுமா? உன்னையும் சேத்து உள்ள வைப்பாங்க."

அவள் மேஜையின் குறுக்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வைக்கட்டும் சார். என்னைப் போலீஸ்ல குடுங்க. அவனையும் குடுங்க. உசுரோட குடுங்க சார்."

என்னதான் கடுகடுப்பானாலும் அவரும் பிள்ளை பெற்றவர்தானே. போனை எடுத்தார்.

துறைமுகத்தில் கிரேன் அந்த நீலப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிய நேரம் இருக்கிறதே, அதைப் போல ஒரு நேரம் எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. வானத்தில் தொங்கிக்கொண்டு அது மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. தரையைத் தொடுமுன்பே அவள் போய் அதன் மேல் விழுந்தாள். இரும்பு கொதித்தது. உள்ளங்கை பொரிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று தட்டுத் தட்டினாள். வாழ்நாளெல்லாம் உள்ளே இருந்து தட்டியவள் இப்போது பதில் தட்டுக்காக வெளியே இருந்து தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள்.

"ராசா, அம்மா வந்துட்டேன்டா. ஒரு தட்டுத் தட்டுடா. ஒண்ணே ஒண்ணு."

உள்ளே இருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

சீலை வெட்டிக் கதவைத் திறந்தார்கள். அடுப்பைத் திறந்ததுபோல அனல் அடித்தது. பொதிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிச் சுவர் வரை போனார்கள். அவன் அங்கே இருந்தான். அவள் அடைத்த இடத்தின் மேல் கன்னத்தை வைத்து, தூங்குகிற குழந்தைபோல மடங்கிக் கிடந்தான். பக்கத்தில் பாதி உடைந்த கத்தி. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உயிர் நேற்றே போய்விட்டது என்றார்.

அவளை யாரும் போலீஸில் கொடுக்கவில்லை. பார்த்தவர்கள் எவருக்கும் அந்த மனசு வரவில்லை. நெட்டையன் மட்டும் தானாகவே போய் நின்றான்.

விசாரணையெல்லாம் முடிந்து நீலப் பெட்டி யார்டுக்கே திரும்பி வந்தது. அது ஒரு மூலையில் கிடந்தது, கழுவ யாரும் கிட்டப் போகவில்லை. ஒருநாள் அவள் வாளியை எடுத்துக்கொண்டு அதற்குள் போனாள். தடுக்கப் போன வெல்டரை மேனேஜர் வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினார். தரை, சுவர், மூலை முடுக்கெல்லாம் கழுவினாள். காயும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போய் நின்றாள்.

"சாத்துக்கா."

"போடி பைத்தியக்காரி. மாட்டேன்."

"சாத்துக்கா. என் வேலைய நான் பாக்கணும்ல?"

கதவுக்காரி அழுதுகொண்டே சாத்தினாள்.

இருட்டில் கை தடவித் தடவிக் கடைசிச் சுவருக்குப் போய் உட்கார்ந்தாள். தகட்டைச் சுற்றிக் கத்தி கீறிய தடங்கள் விரலில் நெருடின. அவன் எங்கே தொடங்கினான், எங்கே கை சோர்ந்து கீறல் மெலிந்தது என்பதையெல்லாம் அவள் விரல் படித்தது. பிறகு எழுந்து நின்று, எப்போதும் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள்.

மூன்று தட்டு வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கதவுக்காரி, பதறிப்போய்த் தானே கம்பியைத் திருப்பித் திறந்தாள். வெளிச்சக்காரி நடுவில் அப்படியே நின்றிருந்தாள்.

"ஒரு பொட்டு வெளிச்சம் இல்லக்கா," என்றாள். "நல்லாத்தான் அடைச்சிருக்கேன்."

அன்றோடு அவள் உள்ளே போவதை நிறுத்திவிட்டாள். இப்போது கதவுக்காரிதான் உள்ளே போகிறாள், இவள் வெளியே நிற்கிறாள். வெயிலானாலும் மழையானாலும், உள்ளே இருந்து மூன்று தட்டுக் கேட்கும் வரை கம்பியின் மேல் வைத்த கையை எடுப்பதில்லை.