நான்கு தலையணை அளவு பனி

போடி கடைத்தெருவில் ஒரு மெத்தைக்காரரைத் திருடன் என்று சொன்னார்கள். திருடியவன் நான். அவருக்குப் பக்கத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட ஆசிரியன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். திருடியது இலவம் பஞ்சு. திருடியது எதற்காக என்றால், ஒரு சாப்பாட்டு மேசையை அலங்கரிக்க.

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், மெட்ராஸில் வங்கி அதிகாரி. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவரிடமிருந்து கடிதம் வரும். நலம் விசாரிப்பு இரண்டு வரி. மீதி எல்லாம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. வெள்ளை விரிப்பு, வரிசையாக மெழுகுவர்த்தி, நடுவில் பழக்கொத்து, ஓரமெல்லாம் பனி. 'மருந்துக்கடைப் பஞ்சுதான், ஆனால் பார்த்தால் தெரியாது' என்று எழுதியிருப்பார். அந்த வருடம் குடும்பத்தோடு பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு வருவதாக எழுதினார். எங்கள் வீட்டில் மேசையே கிடையாது.

"பாய விரிச்சா சாப்பிட மாட்டாகளா? எங்க அக்கா தரையில உக்காந்து வளந்தவதான்" என்றாள் என் மனைவி.

"ஒரு தடவையாவது நம்ம மேசைய அவரு பாக்கட்டும்" என்றேன்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு நீள மேசை கேட்டு வாங்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தேன். அமிலம் பட்ட ஓட்டைகளை மறைக்க இரண்டு எட்டு முழ வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து விரித்தேன். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளில் நட்சத்திரங்கள் வெட்டினேன். கண்ணாடி டம்ளர்களில் ஆற்று மணலை நிரப்பி மெழுகுவர்த்தியை நட்டேன். காமயகவுண்டன்பட்டியில் கொத்துத் திராட்சை விலை கூடுதல், உதிரி மலிவு. ஒரு கூடை உதிரியையும் வெறும் காம்புகள் சிலவற்றையும் வாங்கிவந்து, ஒவ்வொரு பழமாக ஊசி நூலால் காம்பில் கோத்துக் கொத்தாக்கினேன். ஒரு முழு நாள் போயிற்று. தையல் எனக்கு நன்றாக வரும். அதுதான் பிறகு வினையானது.

பனி மட்டும் பாக்கி. மருந்துக்கடையில் பஞ்சின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். வீட்டுப் பின்னறையில் நான்கு தலையணைகள் இருந்தன.

அவை பக்கத்து வீட்டுக்காரருடையவை. நெல்லும் தென்னையும் வைத்திருந்த விவசாயி. தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். சீருக்காகப் போடி மெத்தைக்காரரிடம் மெத்தையும் தலையணையும் சொல்லியிருந்தார். மெத்தைக்காரர் சீக்கிரமே தைத்து மார்கழியில் அனுப்பிவிட்டார். விவசாயியின் மனைவி வாசலிலேயே வண்டியை நிறுத்தி எங்கள் வீட்டுக்குத் திருப்பிவிட்டார்.

"மார்கழியில சீர் சாமான் எங்க நெலப்படி தாண்டப்படாது வாத்தியாரய்யா. உங்களுக்குத்தான் மார்கழி கெடையாதே. தை பொறக்கவும் எடுத்துக்கிறோம்."

"ஆமா, எங்களுக்கு டிசம்பர்தான்" என்று நானும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மனைவி கேக் வேகவைக்க ரொட்டிக்கடைக்குப் போயிருந்தபோது, பிளேடால் நான்கு தலையணைகளின் ஓரத்தையும் பிரித்தேன். விருந்து முடிந்ததும் திரும்பத் திணித்துவிடலாம் என்பது என் கணக்கு. 'ஏது பஞ்சு?' என்று மனைவி கேட்டதற்கு, 'ஆய்வகத்தில் கொடுத்தார்கள்' என்றேன். ஆய்வகத்தில் மேசையைக் கொடுத்தவர்கள் பஞ்சையும் கொடுப்பார்கள் என்று அவளும் நம்பினாள்.

மேசை அழகாகத்தான் இருந்தது. அதை இன்றும் சொல்வேன். சகலை உள்ளே வந்தார், மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஜெபம் செய்யும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் ஒரு கண்ணைத் திறந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமென் சொன்னதும் அவர் ஒரு திராட்சையைப் பறித்தார். நூல் கூடவே வந்தது. இழுத்தார். பதினைந்து பழங்கள் மாலையாக அவர் கையில் தொங்கின.

"இது என்ன ரகம் தம்பி?"

"புது ரகம்ணே."

அவர் எங்களுக்குப் பரிசாக ஒரு மேசை விசிறி கொண்டுவந்திருந்தார். கோழிக் குழம்பு காரம். அவருக்கு வியர்த்தது. "எடுத்து வைங்க, மூணு ஸ்பீடு இருக்கு, காட்டுறேன்" என்று எழுந்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டார். முதல் வேகத்திலேயே மெழுகுவர்த்திகள் அணைந்தன. அது கர்த்தரின் கிருபை, இல்லையென்றால் பஞ்சு பற்றியிருக்கும். பனி எழும்பியதைப் பார்த்துப் பதறி, விசிறியை நிறுத்துவதாக நினைத்து மூன்றாவது பொத்தானை அமுக்கினார்.

இலவம் பஞ்சு மருந்துக்கடைப் பஞ்சு மாதிரி இல்லை. அதற்குப் பறக்கத் தெரியும். நான்கு தலையணை அளவு பஞ்சும் அறைக்குள் ஒரே நேரத்தில் எழுந்தது. பாதி சன்னல் வழியே தெருவுக்குப் போனது. மீதி குழம்பில், கேக்கில், சகலையின் எண்ணெய் தேய்த்த தலையில் இறங்கியது. அவருக்கு ஒரு நிமிடத்தில் எழுபது வயதாகிவிட்டது. அவர் மனைவி சிரித்த சிரிப்பில் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியிருந்தது. கடைசியில் எல்லோரும் பாயை விரித்து, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டோம்.

திரும்பத் திணிக்கப் பஞ்சு இல்லை. வெந்நீர் அடுப்புக்காகக் கொல்லையில் தேங்காய் மட்டை குவித்திருந்தோம். நாரை உரித்து, தட்டி, நான்கிலும் திணித்து, பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தேன். ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. பஞ்சு வாங்கியிருக்கலாம். தலையணைகளைத் தட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் தெரிந்தன. வாங்கவில்லை. இதற்குச் சொல்ல வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

தையில் கல்யாணம் நடந்து, பெண் சீரோடு புகுந்த வீடு போனாள். பத்து நாளில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாப்பிள காதுல நாரு குத்தி வீங்கிப் போச்சாம். சம்பந்தியம்மா, பஞ்சுன்னு சொல்லித் தொடப்பத்த தச்சுக் குடுத்திருக்காகன்னு ஊரெல்லாம் சொல்றாகளாம். எம் மக அழுகுறா. போடிக்குப் போவோம், வாங்க. படிச்சவுக ஒருத்தர் கூட இருந்தா நல்லது."

போனேன். போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார் என்று போனேன்.

கடையில் மெத்தைக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தம்பி பின்னால் கோலால் பஞ்சை அடித்து விதை பிரித்துக்கொண்டிருந்தார். உறையில் பஞ்சைத் திணிப்பதும் அவர் வேலைதான். பக்கத்து வீட்டுக்காரர் தலையணையைக் கிழித்து நாரைக் கொட்டினார். தெருவில் கூட்டம் சேர்ந்தது.

"ஐயா, நாரு விக்கிற கடை அந்தா எதிர்ல இருக்கு. அதுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கெடையாது" என்றார் மெத்தைக்காரர்.

"அப்ப உள்ள தானா மொளச்சுச்சா? வாத்தியாரய்யா, நீங்களே சொல்லுங்க."

"நார்தான் இருக்கு. அதுல சந்தேகமில்ல" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று வீடு வரும்வரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மெத்தைக்காரர் தலையணையை வாங்கித் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "தையல் எங்களோடதுதான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"என்னண்ணே, என்னையப் பாக்குற?" என்றார் தம்பி.

அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மெத்தைக்காரர் புதிதாக நான்கு தலையணை தைத்து, காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார்.

பிறகு போடிப் பக்கமே போகாமல் இருந்தேன். அடுத்த நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார்: அந்தக் கடைக்கு 'நாரு மெத்தை' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டதாம், அண்ணன் தம்பியோடு பேசுவதில்லையாம், தம்பி கடையை விட்டே போய்விட்டாராம். அதே வாரம் சகலையின் கடிதமும் வந்தது. 'இந்த வருடமும் வருகிறோம். பனி உண்டல்லவா?'

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் போடிக்குப் போனேன். மெத்தைக்காரர் தனியாக இருந்தார். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தத் தையலு நீங்க போட்டது."

"ஆமா."

"நல்ல தையலு. நானே ஏமாந்துட்டேன்." பிறகு சொன்னார்: "எந் தம்பி கோயில்ல சத்தியம் பண்றேன்னான். வேணாம்னுட்டேன். அவன் பண்ணிட்டா நான் நம்பணும்ல."

நான்கு தலையணைக்கான பணத்தை வைத்தேன். அதைத் தள்ளிவிட்டார். "காசு வேணாம். சந்தை நாளன்னைக்கு வந்து என் கடை வாசல்ல உக்காருங்க. கேக்குறவுகளுக்கு நீங்களே சொல்லுங்க."

சந்தைக்கு முந்தைய நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவிதான், "மார்கழி இல்லாத வீடுன்னு நம்பிக் குடுத்தேனே" என்றார். சம்பந்தி வீட்டுக்கும் என் மனைவியை அழைத்துக்கொண்டு நானே போய்ச் சொன்னேன். சம்பந்தியம்மாள் என்னை விட்டுவிட்டு, என் மனைவியைப் பார்த்து இரக்கப்பட்டார்.

சந்தை நாளில் லீவு போட்டுவிட்டு மெத்தைக்கடை வாசலில் உட்கார்ந்தேன். முதல் ஆளிடம் நாலு வரியில் சொல்லி முடித்தேன். நாலாவது ஆளிடம் சரளமாக வந்தது. விசிறி வரும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் போய் இன்னொருவரை அழைத்துவந்து, "அந்தத் தலை நரைச்ச எடத்துல இருந்து சொல்லுங்க" என்றார்.

மெத்தைக்காரர் உள்ளேயிருந்து சொன்னார்: "வாத்தியாரே, சிரிக்க வச்சுத் தப்பிச்சிராதீக."

அதற்குப் பிறகு, அண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையிலிருந்து சொல்லத் தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

'நாரு' என்ற பட்டப்பெயர் கடையை விட்டு நீங்கி என்னிடம் வந்து சேர்ந்தது. ஓய்வு பெறும்வரை நான் நாரு வாத்தியார்தான். அந்தக் கிறிஸ்துமஸில் சகலைக்குத் தரையில் இலை போட்டோம். பனியைப் பற்றிக் கேட்டார், காரணத்தைச் சொன்னேன். பிறகு வந்த கடிதங்களில் அவர் மேசையைப் பற்றி எழுதவில்லை.

தம்பி கம்பத்தில் தனியாகக் கடை போட்டிருந்தார். அவரிடமும் போய்ச் சொன்னேன். "அண்ணன் வந்து சொல்லட்டும்" என்றார். அண்ணன் போனார். பேசிக்கொண்டார்கள், நல்லது கெட்டதுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தார்கள். ஆனால் தம்பி போடிக் கடைக்குத் திரும்பவே இல்லை. அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

எங்கள் வீட்டு மெத்தை, தலையணை எல்லாம் அதன்பின் போடி மெத்தைக்காரரிடம்தான். ஒவ்வொரு முறையும், தைத்து முடித்த தலையணையை என் முன்னால் வைத்து, ஒரு மூலையை மட்டும் பிரித்து, ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். நான் பார்த்துத் தலையாட்ட வேண்டும். பிறகு அதை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுப்பார். மற்ற வாடிக்கையாளர்களுக்கு அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.